விற்றேக்கர் என்றொரு பெயர்

பூம்ப்ளிஸ், பேர்ண்
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

யூஜினியும் மெலானியும் நானும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? இந்தக் குளிருக்கு எனக்கும் அதே வலது முழங்கால்தான் பிடிக்கிறது. ஐயாவின் சொத்தில் இது மட்டும் இருவருக்கும் சமமாக வந்திருக்கிறது.

போனில் நான் கத்த, நீங்கள் "ஆ? ஆ?" என்று கேட்க, கடைசியில் இருவருமே கோபித்துக்கொண்டு வைக்கிறோம். ஷெல் விழுந்த வருடத்தோடு போன காதை இனி என்ன செய்வது? நீங்கள் சொன்னது சரி. இனிக் கடிதமே எழுதுகிறேன். வந்து சேர மூன்று கிழமை ஆனாலும் முழுதாக வந்து சேரும்.

விஷயம் இதுதான். மெலானி கலியாணம் செய்யப் போகிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "அப்பா, நான் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறன், ஆட்டிறைச்சிக் கறி வையுங்கோ" என்றாள். பெடியன் வந்திருந்து சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டான். சைவப் பிள்ளை, வெள்ளியில் மச்ச மாமிசம் தொடமாட்டானாம். அதை அவள் எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள். பெயர் ஜதுஷன். ரயில் பாதையில் சிக்னல் திருத்துகிற வேலை. இவள் ரயில் ஓட்டுகிறாள், அவன் நிற்பாட்டுகிறான் என்று யூஜினி சிரிக்கிறாள். நல்ல பெடியன் அக்கா. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான்.

ஒக்டோபரில் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேண்டும். அழைப்புக் கடிதமும் உத்தரவாதமும் நான் அனுப்புவேன். கடவுச்சீட்டைப் புதுப்பித்து வையுங்கள்.

இன்னொன்று. மண்டப வாசலில் எங்கள் பெயரின் கதையைப் பெரிய படமாக வரைந்து வைக்க மெலானி நினைக்கிறாள். "ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு விற்றேக்கர் எண்டு எப்பிடிப் பேர் வந்தது எண்டு ஆக்கள் ஒவ்வொரு நாளும் கேக்கினம். ஒரேயடியா எல்லாருக்கும் சொல்லிப்போடுவம்" என்கிறாள். அமெரிக்க மிஷன் தந்த பெயர் என்று சொன்னேன். "அதுக்கு முதல் எங்களுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஐயா உங்களோடுதானே இவற்றைக் கதைப்பார். தெரிந்ததை எழுதுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அன்புத் தம்பி,
ஜெயசீலன்


மானிப்பாய்
9 பெப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. நான் சுகம். முழங்கால் அதன்பாட்டில் இருக்கிறது. யூஜினிக்கு இரத்த அழுத்தம் கூடினதென்று முன்பு சொன்னாய். உப்பைக் குறைக்கச் சொல்லு. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக நின்றவள் சொல்கிறேன், மாத்திரையை விட அது முக்கியம்.

மெலானிக்கு என் முத்தம். கடவுச்சீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். படம் பிடிக்கிற கடையில் காதை மூடிய தலைமயிரை ஒதுக்கச் சொன்னான். "காது தெரியவேணும் அம்மா" என்றான். "தெரியலாம், ஆனால் கேக்காது" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

பெயரைப் பற்றிக் கேட்டாய். ஐயாவின் பாட்டனாருக்குத் தகப்பன் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அவருக்கு ஏழெட்டு வயதில் வாந்திபேதியில் தாயும் தகப்பனும் ஒரே கிழமையில் போய்விட்டார்கள். வட்டுக்கோட்டை மிஷன்காரர் எடுத்து, தங்கள் விடுதியில் வைத்துப் படிப்பித்தார்கள். அந்த நாளில் அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றால், தான் சொல்லுகிற பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். மாசசூசெற்ஸில் ஒரு துணி வியாபாரி குடும்பம். அவர்களுக்குச் செத்துப்போன ஒரு மகன் இருந்திருக்கிறான். ஜோசையா விற்றேக்கர். அந்தப் பெயர்தான் கப்பலேறி இங்கே வந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து உபதேசியார் ஆனார். அவர் பிள்ளைகள் விற்றேக்கர், அவர்கள் பிள்ளைகள் விற்றேக்கர், நீயும் நானும் விற்றேக்கர்.

அதற்கு முன் என்ன பெயர் என்று ஐயா சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

பெடியனின் தாய் தகப்பன் ஊரில் எந்த இடம்? நீ அதை எழுதவில்லை.

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

அக்கா,
அன்னமலர்


பூம்ப்ளிஸ்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே குளிர் விடத் தொடங்கியிருக்கிறது. யூஜினி உப்பைக் குறைத்துவிட்டாள், எனக்கும் சேர்த்து.

நீங்கள் எழுதியதை மெலானிக்கு வாசித்துக் காட்டினேன். ஜோசையாவின் கதையைக் கேட்டு, "பாவம், செத்த பிள்ளையின்ர பேரைச் சுமக்க ஒரு உயிரோட இருக்கிற பிள்ளையைத் தேடியிருக்கினம்" என்றாள். பிறகு அந்தப் பெயரை அங்கிருந்து பின்னுக்குத் தேடப் போய்விட்டாள். அது இங்கிலாந்தில் ஒரு ஊர்ப் பெயராம். பழைய இங்கிலீஷில் வெள்ளை வயல், அல்லது கோதுமை வயல். இரண்டில் எதுவென்று படித்தவர்களுக்கே நிச்சயமில்லையாம். "ஆக்கர் எண்டால் ஜெர்மனிலயும் வயல்தான் அப்பா. நாங்கள் இஞ்ச வந்து சொந்தக்காரரிட்டச் சேர்ந்திட்டம்" என்று சிரித்தாள்.

போன கிழமை அவளும் பெடியனும் லீவு போட்டு இங்கிலாந்துக்கு, அந்த ஊருக்கே போய்விட்டார்கள். ஒரு பெற்றோல் நிலையம், ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு கிறிஸ்தவக் கோவில், அவ்வளவுதானாம். கோவிலில் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இவளின் பெயரைக் கேட்டிருக்கிறாள். "விற்றேக்கர்" என்றதும் பூவைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்படியென்றால் உன் ஆட்கள் எல்லாரும் வெளியில்தான் இருக்கிறார்கள், வா" என்று கல்லறைகளைக் காட்டினாளாம். இவளின் நிறத்தைப் பற்றியோ எங்கிருந்து வந்தாள் என்றோ ஒரு சொல் கேட்கவில்லையாம். மழையில் நனைந்து இரண்டு பேரும் தடிமனும் தும்மலுமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

பெடியனின் தகப்பன் மகேந்திரன், தாய் பரமேஸ்வரி. இப்போது ஓல்ற்றனுக்குப் பக்கத்தில் திரிம்பாக்கில் இருக்கிறார்கள். அங்குள்ள கோவிலில் அந்த அம்மா பெரிய ஆள், எல்லாத் திருவிழாவிலும் முன்னுக்கு நிற்பா. ஊரில் சண்டிலிப்பாய்.

வருகிற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் நினையுங்கள்.

தம்பி,
ஜெயசீலன்


மானிப்பாய்
26 மே 2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் தினமும் மன்றாடுகிறேன். உன் கடிதம் ஏப்ரல் முதல் கிழமையே வந்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

கடவுச்சீட்டு வந்துவிட்டது. யாழ்ப்பாணம் போய்க் குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கினேன். ஊதா நிறம். கடைக்காரப் பெட்டை "ஆச்சி, கனடாவோ?" என்று கேட்டாள். சுவிஸ் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஓட்டோவில் வந்தா. பரமேஸ்வரியின் தமக்கையாம். நேரே இங்கே வரவில்லை. முதலில் மூலை வீட்டுக் குணபூஷணியிடம் போய் அரை நாள் இருந்துவிட்டுத்தான் வந்தா. நல்ல மரியாதை. வாசல் படலைக்குள்ளேயே நின்று கதைத்தா. "உள்ளுக்கு வாங்கோ" என்றேன். "இல்லை, நிக்கிறன்." கதிரை கொண்டுவந்து போட்டேன். "வேண்டாம், இடுப்பு நோ." தேத்தண்ணி போடட்டோ என்றேன். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." பச்சைத் தண்ணியாவது குடியுங்கோ என்றேன். அதற்கும் அதே பதில். நல்ல வெயில், தம்பி. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

உங்கள் தகப்பனார் எங்கே வேலை செய்தவர், பாட்டனார் வீடு வட்டுக்கோட்டையில் எந்தப் பக்கம் என்று கேட்டா. சொன்னேன். கேட்டதற்கு மட்டும் சொன்னேன்.

மெலானி அந்தப் படத்தை மண்டபத்தில் வைக்க வேண்டாம். இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் இருக்கட்டும். வட்டுக்கோட்டையை அதில் போடவேண்டாம்.

கர்த்தருடைய கரம் உங்கள்மேல் இருப்பதாக.

அன்னமலர்


பூம்ப்ளிஸ்
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம். ஹோட்டலில் இப்போது சீசன். சமையலறையில் ஆள் குறைவு, இன்டர்லாக்கனுக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. ஒருநாள் மெலானி ஓட்டிய ரயிலிலேயே வேலைக்குப் போனேன். இறங்கும்போது கண்ணாடிக்குள் இருந்து கை காட்டினாள்.

கலியாணப் பேச்சில் இடையில் ஒரு சிக்கல் வந்தது. திரிம்பாக்கிலிருந்து போன் எடுத்து, சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். மெலானி, "எனக்குச் சாதகமே இல்லையே அப்பா, எதோட எதைப் பொருத்திப் பார்த்தவை?" என்று கேட்டாள். பெடியன் தாயோடு சண்டை பிடித்திருக்கிறான். நானும் போய்க் கதைத்தேன். இப்போது எல்லாம் சரி. ஒக்டோபரில் திரிம்பாக் கோவிலில் தாலி கட்டு. பதிவும் அந்தக் கிழமையே. மெலானி அவர்களின் பெயரை எடுத்து மகேந்திரன் ஆகிறாள். இங்கே பெண்கள் பெயர் மாற்றுவது வழமைதானே. படமும் வைக்கவில்லை.

அக்கா, விசா இப்போது மிகவும் கஷ்டமாம். உங்கள் வயதுக்குக் கொழும்புக்கும் தூதரகத்துக்கும் அலைவதும், அவ்வளவு நேரம் பிளேனில் இருப்பதும் உடம்புக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். காதுக்கும் கூடாது. வீடியோ எடுத்து அனுப்புகிறேன். அடுத்த வருடம் நாங்கள் எல்லோரும் அங்கே வருகிறோம்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி,
ஜெயசீலன்


மானிப்பாய்
20 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

நீ எழுதியபடி செய்வது நல்லது. பிள்ளை சந்தோஷமாக இருந்தால் போதும்.

தாதியாக இருந்த காலத்தில் பிளேனில் போகக்கூடாத நோய்கள் எவை என்று படித்திருக்கிறேன். முழங்கால் நோவும் காது மந்தமும் அதில் இல்லை. ஆனாலும் நீ சொன்னால் சரிதான்.

கோட்டைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம். பெட்டிக்குள் கற்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

யூஜினிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

அன்னமலர்


பூம்ப்ளிஸ்
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மாமிக்கு,

நான் மெலானி. சுகமாக இருக்கிறீர்களா? இது நான் தமிழில் எழுதும் முதல் பெரிய கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு விசா கஷ்டம் என்று அப்பா எழுதியதாகச் சொன்னார். நான் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்தேன், அவ்வளவு கஷ்டம் இல்லை. அப்பாதான் அழைப்புக் கடிதமும் உத்தரவாதமும் அனுப்பவே இல்லை. ஏன் என்று கேட்டால் "வேலைக்கு நேரமாச்சு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு ஜதுஷன்தான் சொன்னான். அவன் அம்மா கலியாணத்துக்குச் சம்மதிக்க மூன்று நிபந்தனை வைத்தாவாம். தாலி கோவிலில் கட்டவேண்டும். நான் அவர்கள் பெயரை எடுக்கவேண்டும். ஊரிலிருந்து அப்பாவின் பக்கத்து ஆட்கள் யாரும் மேடைக்கு வரக்கூடாது. அப்பா மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். ஜதுஷனுக்கு முதல் இரண்டு மட்டும்தான் தெரிந்திருந்தது. மூன்றாவது, அவன் அம்மா யாரோடோ போனில் கதைக்கும்போது கேட்டிருக்கிறான். அப்போது அவ எங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாவாம். அவனுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. எங்களோடு வேலை செய்கிற விஜிதரன் அண்ணையிடம் இரண்டு பேரும் போய்க் கேட்டோம். அவர் முகம் சிவந்துபோய், "இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார். பிறகு சாதி என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார், அவர் ஒன்றும் செய்யவில்லை.

மாமி, எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த நாட்டில் என் நிறத்துக்காக என்னைப் பார்த்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும், பதிலும் தெரியும். இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஜதுஷன் ஓல்ற்றனில் நண்பன் வீட்டில் இருக்கிறான். பெயர் என்னவென்று பதிவுக் கந்தோருக்கு நாங்கள் முடிவு சொல்லவேண்டும்.

தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். விற்றேக்கருக்கு முதல் நாங்கள் யார்? உங்களைக் கோபப்படுத்தினால் மன்னியுங்கள்.

உங்கள் மருமகள்,
மெலானி


மானிப்பாய்
15 செப்டெம்பர் 2024

அன்பு மருமகள் மெலானிக்கு,

மாமி சுகம். உன் கடிதத்தில் இரண்டு ளகரம் மட்டும்தான் பிழை. உன் அப்பா உன் வயதில் இதைவிடக் கூடப் பிழை விட்டவன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் மற்றவர்களின் வயலில் வேலை செய்தவர்கள். சொந்தத்தில் ஒரு பரப்புக் காணியும் இருக்கவில்லை. கோவிலுக்குள் விடமாட்டார்கள். கிணற்றில் அள்ள விடமாட்டார்கள், யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு நிற்கவேண்டும். பெண்கள் மேற்சட்டை போடவும், பிள்ளைக்கு நல்ல பெயர் வைக்கவும் கூட விடமாட்டார்கள். "நல்ல பெயர் அவர்களுக்கு" என்று சட்டம்போல இருந்தது. ஆகவே அந்தப் பிள்ளைக்கு விடுதிக்கு முதல் என்ன பெயர் இருந்தாலும் அது அவர்கள் இருக்கவிட்ட பெயர்தான். ஐயா ஏன் சொல்லவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும்.

அந்த அமெரிக்கக்காரர்கள் தங்கள் மகனை நினைத்து அழுவதற்காக ஒரு பெயரை அனுப்பினார்கள். அது இங்கே வந்து எங்களுக்கு வேறு வேலை செய்தது. விற்றேக்கர் என்றால் ஒருவருக்கும் எங்கள் இடம் பிடிபடாது. கந்தோரில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், பெயரைக் கேட்டுவிட்டு மேலே கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். அது கோதுமை வயல் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். காணியில்லாத ஆட்களுக்குக் கடைசியில் வயல் கிடைத்தது, பெயரில்.

கலியாணம் என்று வந்தால் மட்டும் அந்தப் பெயர் போதாது. கலியாணத்துக்கு ஆட்கள் நேரே வந்து விசாரிப்பார்கள். எனக்கு இருபத்துநாலு வயதில் ஒரு இடம் பொருந்தியது. எங்கள் சபைதான். அவரும் கிறிஸ்தவர், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. பெயர் எழுதமாட்டேன், அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாணத்தை அறிவித்துக் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்; இரண்டு முறை வாசித்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு வாசிக்கவில்லை. யாரோ வட்டுக்கோட்டைக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வாட்டு வாசலில் நின்று, "அம்மா விடமாட்டன் எண்டுறா" என்றார். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்தேன். உன் அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. மாப்பிள்ளை சவூதிக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தோம். அவன் அதை நம்பினானா என்று எனக்குத் தெரியாது. பிறகு அவனும் அதைப்பற்றிக் கேட்டதில்லை.

உன் ஜதுஷனின் அம்மா சொன்ன சொல்லை நீ எனக்கு எழுதவில்லை. நல்லது. அது எனக்குத் தெரியும். அதை நானும் எழுதமாட்டேன். அது நாங்கள் எங்களுக்கு வைத்த பெயரல்ல.

அப்பாவோடு கோபிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள், ஆனால் கன நாளைக்கு வேண்டாம். உன் கலியாணம் ஓலை வாசித்த பிறகு நின்றுவிடக்கூடாது என்று பயந்திருக்கிறான். அதற்காக என்னைக் கொடுத்துவிட்டான்.

நீ எந்தப் பெயரை எடுத்தாலும் எனக்கு நீ மெலானிதான்.

ஆண்டவர் உனக்குத் துணை.

மாமி,
அன்னமலர்


பூம்ப்ளிஸ்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஒக்டோபரில் கலியாணம் நடக்கவில்லை. மண்டபத்தை விட்டுவிட்டோம். நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மெலானி வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். "அப்பா, மாமியை நீங்கள் வித்துப்போட்டியள்" என்றாள். "உன்ர நன்மைக்குத்தான்" என்றேன். "எனக்கு நன்மை வேணுமெண்டால் என்னைக் கேட்டிருக்கவேணும்." யூஜினி அடுப்பை நிற்பாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மன்னாரில் பிறந்த அவளுக்கும் நான் இதையெல்லாம் சொன்னதில்லை, அக்கா. முப்பது வருடமாய்ச் சொல்லவில்லை. மாப்பிள்ளை சவூதிக்குப் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் உங்களுக்குச் சொன்னதில்லை. அடுத்த மாதமே அவரை மானிப்பாய்ச் சந்தையில் கண்டேன்.

அந்தச் சனி எல்லோரும் திரிம்பாக் போனோம். பரமேஸ்வரி கதவைத் திறந்து, பலகாரம் எல்லாம் வைத்தா. மெலானி பலகாரத்தைத் தொடாமல், "அன்ரி, என்ர மாமி வாறா. அவ முன் வரிசையில இருப்பா" என்றாள்.

"பிள்ளை, நான் கெட்டவள் இல்லை. எனக்கு உன்னில ஒரு குறையும் இல்லை. ஊரில ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டுதான்."

"எந்த ஊர் அன்ரி? நீங்கள் முப்பத்தஞ்சு வருசமா திரிம்பாக்கில இருக்கிறியள்."

அந்த அம்மா அழுதா. பொய் அழுகை இல்லை, அக்கா. உண்மையாகவே பயந்துதான் அழுதா. தன் தமக்கையும் தங்கைமாரும் இனித் தன் வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்றா. மகேந்திரன் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜதுஷன் சொன்னான்: "அம்மா, நான் விற்றேக்கர் எண்ட பேரை எடுக்கிறன்." இங்கே சட்டப்படி ஆண், பெண்ணின் பெயரை எடுக்கலாம். பரமேஸ்வரி, "உன்ர குடும்பப் பேரை விடப்போறியோ?" என்று கத்தினா. அதற்கு மெலானி, "அன்ரி, அது குடும்பப் பேர் இல்லை. அங்கிள் வந்து இறங்கேக்க இஞ்சத்தைக் கந்தோர்காரருக்குச் சொந்தப் பேர், குடும்பப் பேர் எண்டு இரண்டு தேவைப்பட்டது. அங்கிளின்ர பேரையே எல்லாருக்கும் எழுதிவிட்டவை" என்றாள்.

மகேந்திரன் முதல்முறையாகத் திரும்பினார். "அது சரி" என்றார். "என்ர பேர் எனக்கு வைச்ச பேர். அதை ஏன் நீங்கள் சுமக்கவேணும்?" அவ்வளவுதான். திரும்பவும் ரீவியைப் பார்த்தார்.

சித்திரையில் பேர்ணில் பதிவுத் திருமணம். விசாவுக்குரிய கடிதமும் உத்தரவாதமும் இதனுள் இருக்கின்றன. நானே கொண்டுபோய்க் கையெழுத்து வைத்தேன். நீங்கள் வராவிட்டால் கலியாணம் இல்லை என்று மெலானி சொல்கிறாள். நான் எதுவும் சொல்லும் நிலையில் இல்லை. வாருங்கள் அக்கா.

ஜெயசீலன்


மானிப்பாய்
8 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கும் யூஜினிக்கும் பிள்ளைகளுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் பிளேனிலும் நோகவில்லை, உங்கள் படிகளில்தான் நொந்தது. நீ தந்த சொக்லேற்றில் பாதி கொழும்பு வெயிலில் உருகிவிட்டது. மீதியைச் சபைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அங்கே எல்லோரும் கூட இருந்ததால் ஒன்றும் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. பதிவுக் கந்தோரில் நான் முன் வரிசையில் இருந்தேன். எழுதுகிற அந்தப் பெண் என்ன வாசிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, ஜெர்மன், அதோடு காதும் இல்லை. பெடியனின் தாய் வரவில்லை. தகப்பன் மட்டும் தனியே ரயிலில் வந்து, இருக்க இடம் தேடிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வாசித்து முடிந்ததும் என் காதுக்குக் கிட்ட வந்து, "பெடியன் உங்கட பேரை எடுத்திட்டான், அக்கா" என்றார். எனக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் பலமாகத்தான் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சண்டிலிப்பாய் ஆள் ஒருவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. நான் "ஓம் தம்பி, விளங்கினது" என்றேன். எனக்கும் என் சத்தம் பலமாகத்தான் வந்திருக்கும்.

பரமேஸ்வரியை நான் காணாமலே வந்துவிட்டேன். அவ வருவாவோ மாட்டாவோ எனக்குத் தெரியாது. மெலானி காத்திருக்கட்டும், ஆனால் வாசலில் நின்று காத்திருக்கவேண்டாம்.

உன்னோடு எனக்குக் கோபம் இல்லை என்று நீ விமான நிலையத்தில் கேட்டபோது சொல்லவில்லை. கொஞ்சம் இருந்தது. இப்போது எழுதுகிறேன், இல்லை.

நேற்று மூலை வீட்டுக் குணபூஷணி படலையில் வந்து நின்றா. வெளிநாடு போய்வந்தவளைப் பார்க்கவேண்டுமே. கலியாணம் எப்படி என்றா. நல்லது என்றேன்.

"மாப்பிளை எந்த ஊர்?"

"தகப்பன் சண்டிலிப்பாய்."

"பேர்?"

"ஜதுஷன் விற்றேக்கர்."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றா. "சண்டிலிப்பாயில விற்றேக்கர் எண்டு ஒருத்தரும் இல்லையே, அன்னமலர்?"

"இவ்வளவு நாளும் இல்லைத்தான்" என்றேன். "சித்திரையில இருந்து ஒராள் இருக்கிறார்."

எல்லோருக்கும் என் அன்பும் ஜெபமும்.

அக்கா,
அன்னமலர் விற்றேக்கர்